துருவைத் தேய்க்கும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டி, தலைகீழாகத் திருப்பி என்று எல்லா விதத்திலும் பார்த்துவிட்டேன். பழைய இரும்புக் குவியலில், பட்டறை மேசையில் மாட்டிச் சாமானை இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸ் ஒன்று கிடப்பதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்து, பேசி எடுத்தும் வைத்துவிட்டாய். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. கூடவே போனில் ஒன்று கேட்டாய்: "இந்தப் பழைய இரும்புல உங்களுக்கு அப்படி என்னப்பா கிடைக்குது?" போனில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு வேண்டுகோள். சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷை எடுத்துவிடாதே. இத்தனை வருடம் இருந்த துரு, இன்னும் ஒரு மாதம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் துடை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதே. துடைத்ததும் அறையை இருட்டாக்கி, டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடி. நேராகப் பார்த்தால் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழுந்து வரும். அப்படியும் பிடிபடாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. சின்ன வயதில் நாணயத்தை அடியில் வைத்து எடுப்பாயே, அதே மாதிரி.

உன் படத்தில் பக்கவாட்டில் நான்கு எழுத்து தெரிகிறது: பி, ஏ, ஆர், கே. அதற்கு மேல் பச்சைப் பெயின்ட் அப்பிக் கிடக்கிறது. அடுத்த எழுத்து என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது 'ஈ' என்றால் பார்க்கர், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரம். 'ஐ' என்றால் பார்க்கின்சன், இங்கிலாந்தில் யார்க்ஷயரின் ஷிப்லி. நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

சார்லஸ் பார்க்கர் என்பவர் 1832-இல் மெரிடனில் காபிக்கொட்டை அரைக்கும் மில் செய்து தொழில் தொடங்கியவர். அப்புறம் கரண்டி, விளக்கு, வைஸ் என்று இரும்பிலும் பித்தளையிலும் செய்யாத சாமான் இல்லை. மெரிடன் நகராட்சி ஆனபோது முதல் மேயரும் அவர்தான். துப்பாக்கி சேகரிப்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பார்க்கர் ஷாட்கன் இதே குடும்பத்துத் தயாரிப்பு. 1934-இல் அந்தப் பிரிவை ரெமிங்டன் வாங்கிக்கொண்டது. துப்பாக்கிக்குக் கிடைத்த பேரில் கால்வாசிகூட வைஸுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தத் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் அரம் போட்டு இழைத்தபோது அதைப் பிடித்து நின்றது ஏதோ ஒரு வைஸ்தானே?

பார்க்கின்சன் கதை வேறு மாதிரி. அவர்களுடையது 'பெர்ஃபெக்ட்' வைஸ். முன்பக்கம் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். சாதாரண வைஸில் தாடையை, அதாவது சாமானைக் கவ்வும் பாகத்தை, விலக்கக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நட்டு முழு வட்டம் கிடையாது, பாதிதான். நெம்புகோலை அழுத்தினால் அந்தப் பாதி நட்டு ஸ்குரூவின் மரையை விட்டு விலகிக்கொள்ளும், தாடை ஒரே இழுப்பில் வந்துவிடும். விட்டால் ஸ்பிரிங் நட்டை மறுபடி மரையில் உட்கார வைக்கும். பிறகு கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கினால் போதும். மரையின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டப்பட்டிருக்கும், அதனால் இறுக்கும் திசையில் நட்டு நழுவாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த யோசனை இது. ஷெஃபீல்டின் ரெக்கார்ட் நிறுவனம் பிற்காலத்தில் செய்த 52, 53 எண் மர வேலை வைஸ்களைத் திருப்பிப் பார், உள்ளே இதே பாதி நட்டு. உன் படத்தில் கைப்பிடிப் பக்கம் நிழலில் இருப்பதால் நெம்புகோல் உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சின்னத் தடயம். 'வைஸ்' என்ற சொல்லே வார்ப்பில் இருந்தால், கடைசிக்கு முந்தின எழுத்தைப் பார். 'எஸ்' என்றால் அமெரிக்கா, 'சி' என்றால் பிரிட்டன் அல்லது பிரிட்டனைப் பின்பற்றி எழுதும் நாடு. பெயர் முழுக்க அழிந்துபோன வைஸ்களில் இந்த ஒரு எழுத்து எவ்வளவோ உதவி செய்திருக்கிறது.

சரி, பெயர் கிடைத்துவிட்டது, வருடம்? இங்கேதான் பலர் ஏமாறுவது. பெரிதாக வார்க்கப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் மாடல் எண்ணாகவோ வார்ப்பு அச்சின் எண்ணாகவோதான் இருக்கும். அதை வருடமாகப் படித்துவிட்டு, என்னிடம் இருப்பது இன்ன காலத்தது என்று சொல்பவர்கள் நிறைய. வருடம் வேண்டுமென்றால் காப்புரிமைத் தேதியைத் தேட வேண்டும். அமெரிக்க வைஸ்களில் மாதம், நாள், வருடம் மூன்றும் சின்ன எழுத்தில் இருக்கும். அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படும். ஆக, துருவில் நாளின் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் பழைய நாட்காட்டியில் வைத்துப் பார். எது செவ்வாயில் விழுகிறதோ அதுதான் சரி. எம்மர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வைஸில் 1891 ஆகஸ்ட் 25 என்று இருக்கும். கணக்குப் போட்டால் செவ்வாய்தான். தேதிக்குப் பதில் எண் மட்டும் இருந்தாலும் வழி உண்டு: பத்து லட்சமாவது காப்புரிமை 1911-இல், இருபது லட்சமாவது 1935-இல், முப்பது லட்சமாவது 1961-இல். ஒன்று மட்டும் மறக்காதே, காப்புரிமைத் தேதி என்பது வைஸ் பிறந்த தேதி கிடையாது. அதற்கு முந்தியது இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். அதே தேதியோடு பல வருடம் வார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வில்ட்டனில் இந்தத் தொல்லை இல்லை. ஹ்யூ வோகல் என்ற செக் குடியேறி 1941-இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் அது. துப்பாக்கித் தோட்டா வடிவத்தில், ஸ்குரூ முழுக்க உருளைக்குள் மூடியிருக்கும். தூசி உள்ளே போகாது. நகரும் தாடையை வெளியே உருவி அடிப்பக்கம் பார்த்தால் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். ஆனால் ஆரம்ப வருடங்களைத் தவிர, மற்றதில் அது உத்தரவாதம் முடியும் நாள். உத்தரவாதம் 5 வருடம். அதாவது 1953 என்று இருந்தால் 1948-இல் செய்தது. ஊர்ப் பெயரும் உதவும்: முதலில் சிகாகோ, பிறகு ஷில்லர் பார்க்.

எனக்கு மிகவும் பிடித்த கதை அத்தோல். மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர். லராய் ஸ்டாரெட் என்பவர் இறைச்சி நறுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் செய்வதற்கென்றே 1868-இல் அத்தோல் மெஷின் கம்பெனி உருவானது. பின்னால் அவர் அங்கிருந்து விலகி, 1880-இல் தனியாக அளவுகோல், மூலைமட்டம் என்று துல்லியக் கருவிகள் செய்ய ஆரம்பித்தார். அத்தோல் கம்பெனியோ வைஸுக்குப் பேர் வாங்கியது. 1905-இல் ஸ்டாரெட் திரும்பி வந்து அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டார். எனவே வார்ப்பில் அத்தோல் பெயர் மட்டும் இருப்பதும், ஸ்டாரெட் பெயர் சேர்ந்து இருப்பதும் ஒரே சாமான் ஆகாது. ஒரு மனிதரின் வாழ்க்கையில் ஏறக்குறைய நாற்பது வருடம் அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு வைஸின் பக்கவாட்டில் அதைப் படிக்க முடிகிறது என்பதுதான், நீ கேட்டதற்கு என் பதிலில் பாதி.

மறுபாதி, பெயரே இல்லாதவர்கள். வார்ப்பில் எழுத்து எப்படி வருகிறது தெரியுமா? முதலில் ஒரு தச்சர் மரத்தில் முழு வைஸையும் பாகம் பாகமாகச் செதுக்குவார். அதுதான் பேட்டர்ன். அதை மணலில் பதித்து எடுத்தால் ஒரு குழி, அந்தக் குழியில்தான் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். எழுத்துகளைத் தனித்தனியாகச் செய்து பேட்டர்ன் மேல் ஒட்டுவார்கள். ஒட்டியவரின் கை அதில் தெரியும். வரிசையில் ஓர் எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கும், ஒன்று அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். அதே பேட்டர்னில் பிறந்த எல்லா வைஸிலும் அந்தச் சாய்வு இருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அந்தத் தச்சர்கள் வைத்திருந்த அளவுகோலே நம்முடையதைவிட நீளம். ஓர் அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூட. இதனால் நமக்கும் ஒரு லாபம். பழைய வைஸையே பேட்டர்னாக வைத்து யாராவது நகல் வார்த்தால் அது மறுபடி சுருங்கும். 6 அங்குலத் தாடை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக வரும். எழுத்தின் ஓரங்களும் மழுங்கிப்போயிருக்கும்.

பென்சில்வேனியாவின் வேன்ஸ்பரோவில் எம்மர்ட் செய்த கே-1 வைஸ் இந்தத் தச்சர்களுக்காகவே வந்தது. அதன் தாடை சுழலும், சாயும், படுக்கும். கோணல்மாணலான மரத்துண்டையும் ஆடாமல் பிடிக்கும். இரும்பு வைஸ்களின் மர வடிவங்கள் இப்படிப்பட்ட மர வேலை வைஸ்களில்தான் செதுக்கப்பட்டன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

கொல்லர் பட்டறையில் இருந்த, நீண்ட கால் தரையைத் தொடும் வைஸ்களையும் அலட்சியம் செய்யாதே. அவை வார்ப்பு கிடையாது, அடித்துச் செய்தவை. சம்மட்டி அடியை அந்தக் கால் தரைக்குக் கடத்திவிடும். வார்ப்பிரும்பாக இருந்தால் ஒருநாள் பிளந்திருக்கும். இங்கிலாந்தில் டட்லி ஊரின் பீட்டர் ரைட் மாதிரி சிலர் மட்டுமே பெயர் குத்தினார்கள். மற்றதில் பெயர் கிடையாது, சுத்தியல் தழும்பு மட்டும்தான். சேகரிப்பவர்களில் பாதிப் பேர் பெயர் இல்லாததைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்தவர் பெயரைப் போலவே பயன்படுத்தியவரின் தடமும் வரலாறுதான். தாடையின் மேல்பக்கம் துளைக்கருவி இறங்கிய சின்னச் சின்னப் பள்ளம், ரம்பம் உரசிய கோடு, கைப்பிடியில் ஒரு வளைவு இருந்தால் யாரோ குழாய் மாட்டி அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருமுறை விரிசலில் பித்தளை ஊற்றி ஒட்டிய வைஸ் ஒன்று எனக்குக் கிடைத்தது. தையல் போட்டது மாதிரி அந்த மஞ்சள் கோடு அவ்வளவு நேர்த்தி. அதை அரம் போட்டு மறைக்கச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

உன்னுடையதை இறுதியாக வைத்துக்கொள்வதற்கு முன் மூன்று இடம் பார்த்துவிடு. நகரும் தாடையின் கழுத்து வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா. அங்கே சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி போல் கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் சந்தேகம்தான். அப்புறம் ஸ்குரூவின் நடுப்பகுதி மரையைக் கடைசி மரையோடு ஒப்பிடு. தினமும் வேலை பார்த்தது நடுப்பகுதிதான், அங்கே கத்தி முனையாகத் தேய்ந்திருந்தால் நட்டும் தேய்ந்திருக்கும். தாடைத் தகடுகளின் ஸ்குரூ பிடித்துக்கொண்டிருந்தால் முறுக்கி உடைத்துவிடாதே, சில நாள் எண்ணெய் விட்டு ஊறவை. துருவை எடுக்கச் சலவை சோடாத் தண்ணீரில் மின்சாரம் விடும் முறை நல்லது. மைனஸ் முனை வைஸில், பிளஸ் முனை வேண்டாத இரும்புத்துண்டில். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மட்டும் இருக்கக் கூடாது, நச்சுப்பொருள் வரும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்த வெளியில் வைத்துச் செய். எழுத்துகளைப் படித்து, படம் எடுத்து, குறித்துக்கொண்ட பிறகு இதெல்லாம்.

அதை மாடிக்கு ஏற்றப் போகிறேன் என்றாயே, முழுசாகத் தூக்காதே. நாலு அங்குலத் தாடை உள்ளதே 15 முதல் 20 கிலோ வரும், உன்னுடையது அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஸ்குரூவை முழுக்கக் கழற்றி, நகரும் தாடையை உருவித் தனியாக எடு. கழற்றும்போது அந்தப் பக்கம் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கு, கடைசி மரையில் சட்டென்று காலில் விழும். இரண்டு நடையாகவே கொண்டு போ, துணைக்கு ஒரு ஆளையும் கூப்பிட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா