கணப்புக்குப் பச்சை விறகா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குன்னூரில் பனி இறங்கியதும் பலர் சீகை (வாட்டில்) மர விறகை வெட்டிய ஈரத்தோடே கணப்பில் திணிக்கிறார்கள். ஈர விறகு எரியாது, புகையும். அந்தப் புகை புகைபோக்கியின் உட்சுவரில் தார்போலப் பிசுபிசுவென்று படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். நாங்கள் மார்ச், ஏப்ரலிலேயே பிளந்து, முனை வெடிப்பு விடும்வரை கொட்டகையில் காயவைப்போம். டிசம்பருக்கு முன் புகைபோக்கியைத் துடைத்தால் முறம் முறமாகக் கரி விழும். சாம்பலை அள்ள மூடி போட்ட தகர வாளிதான். அடியில் மறுநாளும் கங்கு இருக்கும்.

கணப்பே இல்லாத அறையில் கரிச்சட்டியை வைத்துக் கதவடைத்துத் தூங்குகிறார்களே, அதுதான் மகா ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பைக் கொண்டுபோக விடக் கூடாதென்று நகராட்சி கண்டிப்பாக உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, குன்னூர்