மட்டக்களப்புக்கு எந்த டயரும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மோட்டார் பக்கத்தில் ஏறாவூர்த் தம்பி ஒருவரின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் வாசித்தேன். பழைய மாஸ்டா ஆர்எக்ஸ் 8 ஒன்று வாங்கியிருக்கிறார். நான்கு டயரும் மாற்ற வேண்டும். பெயர் தெரிந்த டயருக்குச் சொல்லும் விலையில் பாதிக்கும் குறைவாக, கேள்விப்படாத பெயரில் சைனா டயர் கிடைக்கிறது, போடலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உங்கள் பத்தியாளரோ, மட்டக்களப்புப் பக்கம் ஓடுகிற காருக்கு அது தாராளமாகப் போதும், அங்கே வேகமாக ஓட வீதி எங்கே இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

அந்தக் கடைசி வரி மனதைச் சுட்டுவிட்டது, ஐயா.

நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கணக்கைச் சொல்கிறேன். ஊர்மனை தாண்டினால் எங்கள் வீதியில் காருக்குச் சட்டம் விடுகிற வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நனைந்த வீதியில் ஒரு நல்ல டயரின் உராய்வுக் குணகம், அதாவது வீதியில் அதற்குள்ள பிடிப்பைக் காட்டும் எண், 0.8 என்று வைத்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 24 மீற்றரில் கார் நிற்கும். குணகம் 0.6 ஆகக் குறைந்தால் 32 மீற்றர் வேண்டும். எட்டு மீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் முதலாவது கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது கார் இன்னும் 35 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சைக்கிளோடு ஒரு பிள்ளை நின்றால்? இதற்கு அதிவேகப் பாதை எதுவும் தேவையில்லை. ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே உள்ள வீதியே போதும்.

எங்கள் வீதியைப் பத்தியாளர் மாரியில் பார்த்திருக்கிறாரா? வயலெல்லாம் தண்ணீர் நின்றால் மாடுகள் இரவில் காய்ந்த இடம் தேடி வீதியில்தான் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுத்த தார், மேலே மழை. அறுவடைக் காலத்தில் காரைதீவு - அம்பாறை வீதியில் பாதி அகலத்துக்கு நெல் காயும். நெல்லின் மேல் சில்லு ஏறினால் என்ன பிடிப்பு இருக்கும் என்று இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எவரும் சொல்வார்கள். நல்ல டயர் கட்டாயம் வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் ஊர்தான்.

என்னிடமும் அதே கார்தான் இருக்கிறது. கையில் வந்தபோது முன்னைய சொந்தக்காரர் போட்ட மலிவு டயர்கள் இருந்தன. வெட்டு ஆழமாக, பார்வைக்குப் புதிதாகவே இருந்தன. காய்ந்த வீதியில் ஒரு குறையும் தெரியவில்லை. மகளைப் பார்க்க செங்கலடி - பதுளை வீதியால் போகும்போது, லுணுகலை தாண்டி ஒரு வளைவில், வெறும் தூறலில், 40க்கு மேல் போகாத வேகத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின் சில்லு இழுக்கிற கார் அது. பின்னால் பிடிப்பு விட்டால் திருப்பிப் பிடிக்க நேரம் கிடைக்காது. பக்கத்தில் மனைவி இருந்தார். மதகுக் கட்டுக்குக் கிட்டப் போய்த்தான் நின்றது.

திரும்பி வந்து கராஜில் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டயரின் உற்பத்தி இலக்கம் முழுதாக ஒரு பக்கத்தில் மட்டுமே பதிந்திருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கடைசி நான்கு இலக்கம் 1814. அதாவது 2014ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் செய்த டயர். ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் இறுகும். வெட்டு அப்படியே இருக்கும், ஈரத்தில் பிடிப்பு போய்விடும். நகரத்தில் ஒரு டயர் கடையில் இதைச் சொன்னேன். "டயர் என்ன பாணா சேர், பழசாகிப் போக?" என்று முதலாளி கேட்டார். 2020இல் வாகனங்களோடு டயருக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே எதையெல்லாம் விற்றார்கள், எதையெல்லாம் நாங்கள் வாங்கினோம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்ததா? அப்போதும் நான் எழுதினேன். பிரசுரமாகவில்லை.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொல்லியிருக்கலாம்? மலிவு டயர் எல்லாமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தாலும் வரியோடு வருகிற விலை பொடியன்களுக்கு எட்டாது. அதனால்தான் நாட்டில் ஏற்கெனவே உள்ள பழைய காரை வாங்குகிறார்கள். காசு அருமை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரின் 18 அங்குல ரிம்முக்கு உரிய 225/45ஆர்18 என்ற அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதற்குப் பின்னால் வரும் சுமை எண்ணும் (டயர் தாங்கும் பாரம்) வேக எழுத்தும் (டயர் தாங்கும் உச்ச வேகம்) கார்க் கம்பனி சொன்னதற்குக் குறையக்கூடாது. வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீற்றர். பக்கத்தில் ட்ரெட்வெயார் என்று ஒரு எண் இருக்கும். கடைக்காரர் அதைக் காட்டி, பெரிய எண், நீண்ட நாள் ஓடும் என்பார். அந்த எண்ணைக் கொடுப்பது டயர் செய்த கம்பனியேதான். நீண்ட நாள் ஓட இறுக்கமாகச் செய்த இறப்பர் பெரும்பாலும் ஈரத்தில் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் உள்ள ட்ராக்ஷன் எழுத்து. நனைந்த வீதிப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. இதே கார் சில நாடுகளில் 16 அங்குல ரிம்மில், 225/55ஆர்16 டயரோடு கம்பனியாலேயே விற்கப்பட்டது. மொத்த உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முன் பிரேக் இடம் விடுகிறதா என்று பார்த்து அப்படி மாற்றினால், 18 அங்குல ரிம்முக்கு மலிவு டயர் வாங்குகிற காசுக்குக் கிட்ட நல்ல டயர் வாங்கலாம். பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் தப்பும். நான் அதைத்தான் செய்தேன். இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் புதியவை பின்னால் போக வேண்டும். இதையெல்லாம் சொல்ல அரைப் பத்தி போதுமே, ஐயா.

அதை விட்டுவிட்டு, டொயோட்டாவே 86 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாதாரண டயர்தானே போட்டது என்று ஒரு உதாரணம் வேறு. 2012இல் வந்த அந்தக் காருக்குப் போட்டது மிஷெலின் பிரைமசி ஹெச்பி. எரிபொருள் மிச்சம் பிடிக்கிற ப்ரியஸ் காருக்குப் போட்ட அதே டயர் என்பது உண்மை. பிடிப்பு எங்கே விடும் என்று அளந்து, தெரிந்தே தேர்ந்த டயர் அது. பெயர் தெரியாத டயருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் மோட்டார் பக்கத்தை ஆரம்பத்திலிருந்தே வாசிக்கிறேன். தெற்கு அதிவேகப் பாதையைப் பற்றி எத்தனை கட்டுரை! கிழக்கு என்றால் கல்லடிப் பாலத்தின் படம் ஒன்று. ஒருமுறை கல்முனையை மட்டக்களப்பு மாவட்டம் என்று போட்டீர்கள். அம்பாறை மாவட்டம் என்று எழுதி அனுப்பினேன், திருத்தம் வரவில்லை. நாங்களும் காசு கொடுத்துத்தான் இதழ் வாங்குகிறோம். எங்கள் உயிருக்கு இரண்டாம் தர டயர் போதும் என்று அதில் வாசிக்கும்போது வலிக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டயரின் பக்கத்தில் உள்ள எழுத்துகளையும் அந்த நான்கு இலக்கத்தையும் எப்படி வாசிப்பது என்று ஒரு படத்தோடு, மாரி தொடங்க முன் வருகிற இதழில் போடுங்கள். பூட்ட முதல் இலக்கத்தைக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஏறாவூர்த் தம்பியின் முகவரி உங்களிடம் இருக்கும். அவர் இன்னும் டயர் வாங்கவில்லை என்றால், இந்தக் கடிதத்தின் பிரதியை அவருக்கு அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆரையம்பதி.