கட்டையை இறக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் பாடகி உஷா உதுப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் சத்தம் போட்டே படித்தோம். படித்தது என் அக்கா மகள், எட்டாவது படிக்கிறாள். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, படங்களும் அழகு, ஆனால் எண்பதுகளில் வந்த இந்திப் பாட்டுகளில் ஆரம்பித்து நேராக 2024 பத்மபூஷணுக்குப் போய்விட்டது. அந்தப் பாட்டுகளுக்கு முன்னால் அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வாழ்க்கை இருந்ததே, அது எங்கே? எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது அந்தப் பகுதிதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்மாபேட்டைக்காரன். இருபத்திரண்டு வருஷமாக இன்னிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆடி மாதம் வந்தால் சேலத்தில் எந்தத் தெரு மாரியம்மன் கோயில் பண்டிகையிலும் எங்களைப் போன்ற ஒரு குழுவைப் பார்க்கலாம். அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்து. அவள் மகள் சின்ன வயதிலிருந்தே என் கீபோர்டு பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள், கேட்ட பாட்டை அப்படியே பாடிவிடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் படிக்கும் பள்ளியில் (பெயர் வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்) ஆண்டு விழாவுக்குக் குழுப் பாடலுக்கு ஆள் எடுத்தார்கள். முதல் நாள் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் "உன் குரல் தனியாகக் கேட்குது, ஆம்பளை பாடுற மாதிரி இருக்கு, நீ போய் டெக்கரேஷன்ல சேர்ந்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் முன்னாலேயே. வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "மாமா, எனக்கு ஆம்பளைக் குரலா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

என்ன பாட்டு, எந்தக் கட்டையில் பாட வைத்தார்கள் என்று கேட்டேன் (கட்டை என்றால் பாடுகிற சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும்). அவளுக்குக் கட்டை எல்லாம் தெரியாது, போனில் கரோக்கி ட்ராக் போட்டு அதோடு பாடச் சொன்னார்கள் என்றாள். அந்த ட்ராக்கை வாங்கிக் கேட்டால் ஐந்தரைக் கட்டை. பழைய சினிமாப் பாட்டு, அந்தக் காலப் பின்னணிப் பாடகி பாடிய அதே சுருதி. நம் சினிமாவில் பெண் குரல் என்றால் ஐந்து, ஐந்தரை, அதற்கும் மேலே என்று ஒரு பழக்கம் ரொம்ப நாளாகவே இருக்கிறது, ட்ராக் செய்கிறவர்களும் அதே சுருதியில்தான் செய்து வைக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, அதுவும் குரல் உடையும் நேரத்தில் (ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உடையும் என்று நினைக்கிறோம், பெண் பிள்ளைகளுக்கும் குரல் கொஞ்சம் இறங்கும், கரகரக்கும், அவ்வளவு வெளியே தெரியாது), அந்த மேல் ஸ்தாயி எட்டாவிட்டால் அது அவள் குற்றமா?

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. ஐந்து தடவை இறக்கி இரண்டரைக் கட்டையில் வைத்து அதே பாட்டை வாசித்தேன். முதல் அடியில் தயங்கினாள். இரண்டாவது அடியில் குரல் திறந்துகொண்டது. அடுப்படியில் இருந்த அக்கா கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். பிசிறு இல்லை, மூச்சு வாங்கவில்லை, சரணத்தில் கீழே இறங்கும் இடத்தில் வெண்கலத்தைத் தட்டியது போல ஒரு கனம். இருபத்திரண்டு வருஷம் மேடையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்தக் குரலில் குறை ஒன்றும் கிடையாது. சுருதி வைத்தவர்கள்தான் தப்பாக வைத்தார்கள்.

அன்றைக்குத்தான் அவளிடம் உஷா உதுப் கதையைச் சொன்னேன். உங்கள் கட்டுரை விட்ட பகுதி இதுதான், அதனால் உங்களுக்கும் எழுதுகிறேன். 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி, வீடு பைகுல்லாவில் போலீஸ் குடியிருப்பு. உடன்பிறந்த சகோதரிகளும் பாடகிகள். வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும், மேல்நாட்டு இசையும் வரும், இந்துஸ்தானியும் கர்நாடகமும் வரும், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். முறையாக ஒருவரிடம் உட்கார்ந்து சங்கீதம் படித்தவர் இல்லை. பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா? இந்தக் குரல் மற்றவர்களோடு ஒட்டாது என்று பாட்டு வகுப்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைக்கு நடந்த அதே கதை. ஆனால் அந்த டீச்சர் இன்னொன்றும் செய்தார். இந்தப் பிள்ளைக்குள் இசை இருக்கிறது என்று கண்டுகொண்டு, கையில் தட்டுவதற்குத் தாளக் கட்டையும், முக்கோணமாக வளைத்த இரும்புக் கம்பியில் தட்டுகிற அந்தச் சின்ன வாத்தியத்தையும் கொடுத்து வாசிக்க வைத்தார். பாட முடியாவிட்டாலும் தாளம் போட்டுக்கொண்டு பாட்டுக்கு நடுவிலேயே இருந்தாள் அந்தப் பிள்ளை.

இந்த இடத்தில் எங்கள் பிள்ளை, "என்னையும் அப்படி ஏதாவது தட்டச் சொல்லியிருந்தா அங்கேயே இருந்திருப்பேன் மாமா" என்றாள். கலர் பேப்பர் வெட்ட அனுப்பியதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது.

உஷாவுக்கு ஒன்பது வயதில் இலங்கை வானொலியில் பாட வாய்ப்பு வந்தது. அமீன் சயானி என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஒரு இசை நிகழ்ச்சியில் பாட வைத்தார். இலங்கை வானொலி என்றதும் என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வெண்பட்டு நெசவாளர். தறிக்குழியில் கால் வைத்தபடியே தலைக்கு மேலே பலகையில் இருந்த ரேடியோவில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் அவர் வாழ்க்கையில் பாதிப் பாட்டு காதுக்கு வந்தது. அம்மாபேட்டையில் ஒரு தலைமுறைக்கே அப்படித்தான். பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற குரலை அந்த ரேடியோ எடுத்துக்கொண்டது என்று கேட்டபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் மெட்ராஸ். இது நம் தமிழ்நாட்டில் நடந்தது, இதைக் கூட உங்கள் கட்டுரை சொல்லவில்லையே என்பதுதான் என் பெரிய வருத்தம். 1969இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு இரவு விடுதி இருந்தது. சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள் அங்கே. அப்பா பட்டு வேட்டி மூட்டையோடு மெட்ராஸ் போகும்போதெல்லாம் ப்ளூ டைமண்டில் ஒரு டிக்கெட் எடுத்து நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாராம், அங்கே படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அதே கட்டடத்தில்தான் இருபதைத் தாண்டிய அந்தப் பெண் புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறி ஆங்கிலப் பாட்டு பாடினார். அந்தக் காலத்தில் இரவு விடுதியில் பாடுகிற பெண் எப்படி இருப்பாள் என்று எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கும், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாமல், புடவையும் பொட்டுமாக, அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலோடு. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், விடுதிக்காரர் ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார். அங்கிருந்து பம்பாய், கல்கத்தா பார்க் தெருவில் ட்ரிங்காஸ் என்ற உணவு விடுதி, அப்புறம் டெல்லி ஹோட்டல். டெல்லியில் பாடியதைக் கேட்டுத்தான் இந்தி நடிகர் தேவ் ஆனந்த் குழு சினிமாவுக்குக் கூப்பிட்டது, 1971இல் இந்திப் படத்தில் குரல் வந்தது. நம் தமிழிலும் 1975இல் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் அவரே திரையில் வந்து பாடினார்.

எண்பதுகளில் மேற்கு வங்கத்தில் ஒரு அமைச்சர் இவர் பாட்டு கலாசாரத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி அரசு அரங்குகளில் பாடவிடாமல் செய்தார். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத் திரும்பினார். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார், இன்றைக்கும் அதே காஞ்சிப் பட்டு, அதே பெரிய பொட்டு. இதெல்லாம் உங்கள் கட்டுரையிலும் ஓரளவு இருந்தது, அதனால் விடுகிறேன்.

என் தொழிலிலும் இந்தத் தப்பு இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குழுக்களில் பெண் பாடகி வேண்டும் என்றால் "சுசீலாம்மா வாய்ஸ் இருக்கா, ஜானகியம்மா வாய்ஸ் இருக்கா" என்றுதான் கேட்போம். அம்மன் பாட்டுக்கு "ஈஸ்வரி வாய்ஸ்". அவளுக்கென்று இருக்கிற குரல் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார், செவ்வாய்ப்பேட்டைக்காரர். நல்ல கனமான குரல். மூன்று வருஷமும் கோரஸும் ஹம்மிங்கும்தான் கொடுத்தோம், நானும் அதற்கு உடந்தை. ஒரு மே மாதம் ஏற்காட்டில் கச்சேரி முடித்துவிட்டு ராத்திரி வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல பனிமூட்டம், டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து மெதுவாக ஓட்டுகிறார். எல்லோரும் அரைத் தூக்கம். பின் சீட்டில் அந்த அக்கா தனக்குத் தானே ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார், அவருக்கு வசதியான சுருதியில். ஒவ்வொருவராகக் கண் விழித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் வரும்வரைக்கும் வேனில் ஒரு பேச்சு இல்லை. அடுத்த நாள் யாராவது அவருக்கு ஒரு தனிப் பாட்டு கொடுத்தோமா? இல்லை. அந்த ஆடி மாதத்தோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார். அக்கா மகள் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அந்த வேன்தான் ஞாபகம் வந்தது.

சேலத்துப் பள்ளிகளில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நேரம் இல்லை, நிறையப் பள்ளிகளில் பாட்டுக்கென்று தனி ஆசிரியரே கிடையாது, கணக்கு டீச்சரோ பி.டி. சாரோதான் போனில் ட்ராக் போட்டுச் சமாளிக்கிறார்கள், தெரியும். ஆனாலும் இப்போது அதே போனிலேயே சுருதியைக் கூட்டிக் குறைக்கும் வசதி வந்துவிட்டது, இரண்டு நிமிஷ வேலை. ஐந்தரைக்கு எட்டாத பிள்ளையை மூன்றில் பாட வையுங்கள், இரண்டரையில் பாட வையுங்கள். குழுவோடு சேரவில்லையா, பல்லவியை எல்லோரும் பாடட்டும், ஒரு சரணத்தை இறக்கி அந்தப் பிள்ளைக்குத் தனியாகக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஜால்ராவையாவது கையில் கொடுத்து மேடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "ஆம்பளைக் குரல்" என்ற அந்த வார்த்தையை மட்டும் எந்தப் பெண் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் நாளிதழிடமும் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பாடகியைப் பற்றி எழுதும்போது விருதுப் பட்டியலை ஒரு பத்தி குறைத்துக்கொண்டு, அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எப்படி இருந்தார், யார் வேண்டாம் என்றார்கள், யார் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள் என்று எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி உங்கள் கட்டுரையை வெட்டிக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள், விட்டுப்போன பகுதியைக் கீழே பேனாவால் அவளே எழுதிச் சேர்த்திருக்கிறாள், "கிளாஸ்ல சேர்த்துக்கல, ஆனா தாளம் தட்டினாங்க" என்று.

சனிக்கிழமை பகலில் எனக்குக் கச்சேரி இருப்பதில்லை. சேலத்தில் எந்தப் பள்ளியாவது கூப்பிட்டால் கீபோர்டை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்து, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எந்தக் கட்டை சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன், பணம் ஒன்றும் வேண்டாம். என் முகவரியைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன், அதை அச்சிடாமல் கேட்கிற பள்ளிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். செவ்வாய்ப்பேட்டை அக்காவையும் தேடிப் போய்ப் பார்த்தேன். வருகிற ஆடியில் எங்கள் தெரு மேடையில் அவருக்கு மூன்று தனிப் பாட்டு, பிள்ளைக்கு ஒன்று. அக்கா இரண்டு கட்டை கேட்டிருக்கிறார், பிள்ளைக்கு இரண்டரை.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிக்கும் ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.