சும்மா கிடைக்கும் குதிரை

வேளச்சேரி,
ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பாட்டில் உடையவில்லை, காய்ச்சல் பாதி காலியாகிவிட்டது.

மாப்பிள்ளை தோட்டத்துக்குக் குதிரை கொண்டுவரப் போகிறார் என்று படித்ததும் முதலில் சிரித்தேன். ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை, ஆறு வயது, சும்மாவே தருகிறார்கள், பேத்தி ஏறிப் பழகட்டும் என்கிறார் என்று மேலே படித்தபோது சிரிப்பு போய்விட்டது. "நீ மாட்டு டாக்டர்தானே, குதிரையும் தெரியும் இல்லையா" என்று ஒரு குத்தல் வேறு. தெரியும்டி. ரிடையர் ஆனபிறகு முட்டுக்காடு தாண்டி ஈசிஆரை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன லாயத்துக்குத்தான் அடிக்கடி போய்க்கொண்டிருக்கிறேன். கிண்டி ரேஸ் மைதானத்தில் ரைடிங் பாயாக, அதாவது பயிற்சியின்போது குதிரை ஓட்டுகிறவராக இருந்த ஒருவர் அதை நடத்துகிறார். ரேஸிலிருந்து கழித்துவிட்ட குதிரைகளை வாங்கி, பழக்கி, சவாரி கற்பவர்களுக்குக் கொடுக்கிறார். கால், வயிறு, பல் பார்ப்பது என் வேலை. சம்பளம் இளநீர்.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பேத்திக்கு அந்தக் குதிரை வேண்டாம். ஏன் என்பதை நீ மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பதால்தான் இத்தனை பக்கம்.

ரேஸ் குதிரை முதுகில் சுமார் இரண்டு வயதிலேயே ஆள் ஏறிவிடுகிறார். ஆறு ஏழு வயதுக்குள் பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதே குதிரை 25 வயதுவரை கூட இருக்கும். அதாவது மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது கிழட்டுக் குதிரை இல்லை, முழு பலத்தில் இருக்கிற இளவட்டம். உன் பேத்தி படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் அது தோட்டத்தில் தீனி கேட்டு நிற்கும்.

சவாரி என்று நாம் நினைப்பதில் பாதி அதற்குத் தெரியாது. லகானை இழுத்தால் குதிரை நிற்கும் என்று நினைக்கிறோம். ரேஸ் குதிரை அப்படிப் பழகவில்லை. ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, அது வாயைக் கடிவாளத்தின் மேல் சாய்த்து அந்தப் பிடிப்பிலேயே வேகம் எடுக்கும். பயந்த குழந்தை முதலில் என்ன செய்யும்? லகானை இறுக்கித்தான் பிடிக்கும். அது ஒன்றே போதும். அப்புறம், ஜாக்கியின் கால்கள் மேலே மடங்கியிருக்கும். விலாவில் தொங்கி அழுத்தும் கால் என்றால் என்னவென்றே அந்தக் குதிரைக்குத் தெரியாது, அதிர்ந்து பாயும். ஏறும்போது நிற்கவும் பழகியிருக்காது. ரேஸ் லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்துவிடுவார்.

இதெல்லாம் மாற்ற முடியாதது இல்லை, நிதானமாகச் செய்தால் மாறும். எங்களிடம் ஒரு செம்பழுப்புக் குதிரை இருக்கிறது. ரேஸ் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கூப்பிடுவது சின்னையா. வந்தபோது விலா எலும்பு தெரிந்தது, கதவுக் கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கிக்கொண்டே இருந்தான். நாளில் பெரும்பகுதி அறையில் அடைபட்டு, விடியுமுன் ஓட்டம், வேளாவேளைக்குத் தானியம் என்று வாழ்ந்த பிள்ளைக்கு வயிற்றுப்புண் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். காட்டில் அது ஓயாமல் புல் மேயும், அதனால் பிரச்சினை இல்லை. பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால் பெரும்பான்மைக்குப் புண் இருக்கும். அதனால் முதல் சில மாதம் சவாரியே கிடையாது. ஓட்ஸையும் கொள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் கூட்டி, இன்னொரு குதிரையோடு சேர்த்து வெளியே விட்டுவைப்பதுதான் வைத்தியம். ஒரே நாளில் தீனியை மாற்றினால் வயிற்றுவலி வந்துவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. பல குதிரைகள் சாவது வயிற்றுவலியில்தான்.

எங்களுக்கு இன்னொரு தொல்லை கடற்கரை மணல். தீனியைத் தரையில் போட்டால் மணலையும் சேர்த்துத் தின்றுவிடும், அது குடலில் படிந்துவிடும். சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வைத்து, அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று பார்ப்பேன். பக்கத்து ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உங்கள் திண்டுக்கல் செம்மண்ணுக்கும் இது பொருந்தும், தொட்டியில்தான் தீனி போட வேண்டும். வெயில் வேறு. சூடும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். மேல் உலர்ந்திருக்கும், மூச்சு மட்டும் வாங்கும். அதைக் கவனிக்காமல் மதியத்தில் சவாரி விட்டால் முடிந்தது கதை.

சின்னையா தேறியபிறகு ஆரம்பித்தது எழுத்து பழகுவது மாதிரியான வேலை. ஒரு மேடை பக்கத்தில் நிற்பது, நிற்பது, மறுபடியும் நிற்பது. நீளக் கயிற்றில் வட்டமாக நடப்பது. லகானைத் தளர விட்டாலும் ஓடாமல் நடப்பது. ஓட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பலப்பட்ட உடம்பு, மறுபக்கம் வளைய மறுக்கும், அதற்கும் நாள் பிடிக்கும். இன்னொரு கூத்து: கிண்டியில் ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் அசராதவன் இங்கே ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்து வேலியைத் தாண்டப் பார்த்தான். அவன் வாழ்நாளில் ஆடு பார்த்ததில்லை! தனியாக வெளியே போனதும் இல்லை, எப்போதும் வரிசையில் பத்துக் குதிரைகளோடு போனவன். தோட்டத்தில் ஒற்றையாகக் கட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளையே யோசிக்கட்டும்.

காசு இல்லாமல் தருகிறார்கள் என்றாயே, எனக்குப் பயமே அதில்தான். விலை கொடுத்து வாங்குகிறவன் கொஞ்சமாவது யோசித்து வாங்குவான். சும்மா வந்தது கை மாறிக்கொண்டே போகும். முதலில் ஆசைப்பட்டவர், பிறகு அவர் நண்பர், பிறகு கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுகிறவர், கடைசியில் பீச்சில் பத்து நிமிட சவாரி. ஒவ்வொரு கையிலும் தீனி குறையும். மெரினாவில் ரோந்து போகும் போலீஸ் குதிரைக்கு லாயம், மருந்து என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அங்கே போகிற குதிரை அதிர்ஷ்டசாலி.

கழித்த குதிரைக்கு வேறொரு போக்கிடமும் உண்டு. பூனாவில் ஒரு ரேஸ் குதிரைப் பண்ணைக் குடும்பம், வயதான குதிரைகளைச் சீரம், அதாவது மருந்துக்கான ரத்தநீர் எடுப்பதற்காக மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாமே எடுத்தால் என்ன என்று யோசித்த அந்த வீட்டுப் பிள்ளை 1966-ல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். நீயும் நானும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு வந்தது அங்கிருந்துதான். பாம்புக்கடி மருந்தும் இன்றுவரை குதிரை ரத்தத்திலிருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை நம் ஈசிஆரிலேயே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. உபகாரம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஓடிக் களைத்த உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதை ஓய்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளிநாடு மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதே. ஃபெர்டினாண்ட் என்று ஒரு குதிரை, 1986-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது, அடுத்த வருஷம் அந்த நாட்டின் சிறந்த குதிரை. இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே வரவேற்பு குறைந்ததும் 2002-ல் கசாப்புக்குப் போய்விட்டது. செய்தி வெளியே வந்தபோதுதான் அமெரிக்காவில் பலருக்கு உறைத்தது. பிரிட்டனில் 2000-லேயே ரேஸ் துறை தன் பணத்தில் மறுபயிற்சிக்கென்று ஓர் அமைப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 2012-ல் குதிரை உரிமையாளர், பண்ணைக்காரர், மைதானக்காரர் எல்லாரும் பணம் போட்டு, நல்ல காப்பகங்களைச் சோதித்து உதவி கொடுக்கிற ஏற்பாடு வந்தது. எனக்கு இதில் பிடித்தது இதுதான்: குதிரை சம்பாதிக்கும் காலத்திலேயே அதன் பிற்காலத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்கள். நமக்கு பிஎஃப் பிடித்தார்களே, அதே நியாயம். ஓட்டம் முடிந்தபிறகு நல்ல மனசுக்காரரைத் தேடி அலைவது ஏற்பாடு இல்லை.

கிண்டி சமாசாரம் பேப்பரில் பார்த்திருப்பாய். 1777-லிருந்து குதிரை ஓடிய இடம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து பூட்டுப் போட்டது, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 160 ஏக்கர் பூங்காவாவதா, ஏரியாவதா என்று ஊரே பேசியது. வெள்ளக் காலத்தில் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் என்ற முறையில் எனக்கு ஏரிதான் இஷ்டம். ஆனால் அந்த லாயங்களில் நின்ற குதிரைகள் எங்கே போகும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

சரி, மாப்பிள்ளை பிடிவாதமாக இருந்தால் இவற்றைக் கேட்கச் சொல். குதிரையை ஏன் கழித்தார்கள்? முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் வீங்கியிருந்தால் ஆறுவதற்கே ஒரு வருஷம் ஆகும், ஆறினாலும் பழைய பலம் வராது. கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதா? அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், வந்த குதிரையைக் கொல்லத்தான் வேண்டும். சுமார் 450 கிலோ உடம்புக்கு நாளுக்குக் காய்ந்த கணக்கில் 9, 10 கிலோ தீனி வேண்டும், கோடையிலும் கிடைக்குமா? ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ லாடக்காரர் திண்டுக்கல் பக்கம் யார்? துணைக்கு இன்னொரு குதிரை உண்டா? சுழி நன்றாக இருக்கிறது என்று உன் சம்பந்தி சொன்னாராமே, சுழியை அப்புறம் பார்க்கலாம், முதலில் காலைப் பார்க்கச் சொல்.

பேத்திக்குத்தான் ஆசை என்றால் பரீட்சை லீவில் இங்கே அனுப்பு. எங்களிடம் வயதான மட்டக்குதிரை ஒன்று இருக்கிறது, மேலே குழந்தை இருப்பதே தெரியாத மாதிரி நடக்கும். மாப்பிள்ளையும் கூட வரட்டும், நான்கு நாள் லாயம் கூட்டிப் பார்த்தபிறகும் ஆசை மிச்சமிருந்தால் நானே அவருக்குப் பொருத்தமான குதிரை தேடித் தருகிறேன். அவரிடம் நீ வேண்டாம் என்று சொல்லத் தயங்குவாய். டாக்டரம்மா சொன்னாள் என்று என் தலையில் போடு. கல்யாணத்தில் அவருக்குப் பாயசம் போடச் சொல்லித் தொல்லை கொடுத்தவள் என்ற கணக்கு ஏற்கெனவே இருக்கும், இதுவும் சேரட்டும்.

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் வலி படிக்கட்டில் மட்டும். தம்பி மகனுக்குக் கோயம்புத்தூரில் வரன் பார்க்கிறார்கள், பெண் ஊரில் உனக்குத் தெரிந்தவர் இருந்தால் விசாரித்து எழுது. கண் ஆபரேஷனுக்கு நீ எப்போது சென்னை வருகிறாய்? தேதி தெரிந்தால் மாடியறையை ஒழித்து வைப்பேன். புளிக்காய்ச்சல் இன்னொரு பாட்டில் கொண்டு வா.

அன்புடன்,
வசந்தா