பாப்பாவோடு மூணாறு கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்டு அனுப்பிய பிளானைப் பார்த்தேன். இரண்டே நாளில் இரவிகுளம், மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன், டீ மியூசியம்! ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு இதில் எதுவும் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது மத்தியானத் தூக்கம். அது போச்சென்றால் சாயங்காலம் மூன்று பேருக்குமே போச்சு. அதனால் ஒரு நாளைக்கு ஒரே இடம். வரையாடு இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை மட்டும் முடிவு செய்துகொள், மற்றதெல்லாம் அமைந்தால் பார்.

பிப்ரவரி கடைசி என்று எழுதியிருக்கிறாய். வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவைப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். ஏப்ரலில், திறந்த பிறகு, வார நாளாகப் பார்த்துப் போ. குட்டிகளையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை, பிள்ளையை இறக்கியே விட முடியாது.

போடியில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு ஏறாதே. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். அப்போது ஒவ்வொரு வாயாகத் தண்ணீரோ பாலோ கொடுத்தால் போதும், விழுங்கும்போது சரியாகிவிடும். இரண்டு வயசுக்குள் வண்டிப் பயணத்தில் வாந்தி அவ்வளவாக வராது. எடுக்கப்போவது பின்சீட்டில் போனை நோண்டிக்கொண்டு வரும் நீதான். பாப்பாவுக்கு நீயாக மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம், டாக்டரைக் கேள்.

உயரத்தில் மூச்சு முட்டும் என்று அம்மா பயமுறுத்துவாள். மூணாறு 1,500 மீட்டர் சொச்சம். பூங்காவில் இருக்கும் ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர் என்றாலும் நீ அதில் ஏறப்போவதில்லை, கீழிருந்து பார்ப்பதோடு சரி. பயப்பட வேண்டியது குளிருக்கும் ஈரக் காற்றுக்கும்தான். காது மூடும் குல்லா, மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒரு மழைக்கோட்டு.

டிக்கெட்டை ஆன்லைனில் காலை நேரத்துக்கே போட்டுவிடு. உன் காரை வாசலோடு நிறுத்த வேண்டும். அங்கிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்கு வனத்துறை பஸ். அந்த வரிசையில்தான் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பிக்கும், பிஸ்கட்டை அதுவரை வெளியே எடுக்காதே. மேலே இறங்கியதும் ஏற்றமான ரோடு. தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, முன்னால் கட்டிக்கொள்கிற கேரியரை எடுத்துப் போ. நடப்பேன் என்று அடம்பிடித்தால் நடக்க விடு. பத்தடிக்கு ஒரு கல்லைப் பொறுக்குவாள், அவசரப்படுத்தாதே.

வரையாடு ரோட்டோரத்திலேயே மேயும். பின்னால் வளைந்த கொம்பு, வயசான கிடா என்றால் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு. நாம் பக்கத்தில் நின்றாலும் கண்டுகொள்ளாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று வைத்திருந்த மலை அது. அந்த மலைப் பழங்குடிகளான முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். 1975ல் சரணாலயம், 1978ல் தேசியப் பூங்கா. இத்தனை காலப் பாதுகாப்பில் ஆட்டுக்கு மனிதப் பயம் விட்டுப்போய்விட்டது. நம் மாநில விலங்கை இத்தனை கிட்டத்தில் பார்க்கக் கேரளாவுக்குப் போக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! பாப்பா கையில் இருக்கும் பிஸ்கட்டை நீட்டுவாள், கையைப் பிடித்துக்கொள். தொடவும் விடாதே. நீலக்குறிஞ்சி இருக்குமா என்று கேட்டாயே, 2018ல் பூத்தது, இனி 2030.

அப்புறம், குக்கர் கொண்டு போகட்டுமா என்று உன் வீட்டில் கேட்டாளாம். வேண்டாம். மூணாறில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களின் வாரிசுகள். காரமில்லாமல் ரசம் சோறு, குழைய வடித்துக் கொடுங்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். வெந்நீருக்கு மட்டும் நல்ல பிளாஸ்க் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா