அண்ணன் பெயரில் போகும் பணம்

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் பெயரில் சேர்ந்த பணத்துக்கான செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நினைவுத் திருப்பலிக்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்ட அமைப்பின் பெயர் அதில் இருக்காது. அண்ணனைக் கொண்டுபோன ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயை ஆராயும் வெளிநாட்டு அமைப்பு அது; மனிதக் கருக்களிலிருந்து எடுக்கும் செல்களை வைத்து நடக்கும் ஆய்வும் அதில் உண்டு என்பதுதான் எனக்குத் தடை. உறையைப் பிரித்ததும் கோபம் வரும் என்று தெரியும். அதனால்தான் முதலில் இந்தக் கடிதம்.

வீட்டு விஷயத்தை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன ஆண்டு நினைவுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நீங்களும் ஊர் கேட்கத்தான் சொன்னீர்கள்: "மூச்சுத் திணறிச் செத்த மனிதரைவிடச் சிலருக்கு ஐஸில் கிடக்கும் கருக்கள் பெரிதாகப் போய்விட்டன." என் பெயரைச் சொல்லவில்லை. நம் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம் மொத்தமும் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பதில் சொல்லாமலே ஓர் ஆண்டு போய்விட்டது.

அந்த ஓர் ஆண்டில் கோவில் வாசலில் என்னை நிறுத்திக் கைகொடுத்தவர்களும் உண்டு. "நல்ல வேளை, நீயாவது விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை" என்றார்கள். அண்ணன் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவர்களில் ஒருவர்கூட பெங்களூர் லிங்கராஜபுரத்து வீட்டின் மாடிப்படி ஏறியதில்லை. இதைப் படிக்கிற அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: என் அண்ணியைக் குறைசொல்லும் தகுதி உங்களில் எவருக்கும் கிடையாது. கேழ்வரகுக் கஞ்சியை வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, குழாயில் அடைக்காத பதத்துக்கு வெந்நீர் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, வயிற்றுக் குழாய் வழியே அண்ணனுக்குச் செலுத்தியவர் அவர். இரவில் சளியை உறிஞ்சும் சக்ஷன் மெஷின் சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினால், இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான். நான் சனி, ஞாயிறு மட்டும் வந்தவன்.

உங்களுக்கும் எனக்கும் சண்டை அந்தப் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல, அண்ணி. பிரவுன் பூப்போட்ட மெத்தை விரிப்பு கிடந்த அந்த அறையில், சிகிச்சை விற்க ஓர் ஆள் வந்த மாலையைப் பற்றியது. அதை நாம் இருவரும் இன்றுவரை பேசவில்லை.

வேறு ஊரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆள். லேப்டாப்பைத் திறந்து, சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நடக்கும் வீடியோக்களைக் காட்டினார். ஸ்டெம் செல் ஊசி, அதாவது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய செல்லை உடம்பில் செலுத்துவது. விலையைக் கேட்டதும் வீட்டை விற்கலாமா என்று நீங்கள் என்னிடம் கண்ணால் கேட்டீர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இந்த நோய்க்கு அப்படிச் சிகிச்சை விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதைப் பிறகுதான் படித்தோம். அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடியோ ஒன்றுதான்.

அண்ணன் எழுத்து அட்டையைப் பார்த்தார். பழைய பங்கு காலண்டரின் பின்பக்கத்தில் நீங்கள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. மேலே உயிர் எழுத்துகள், கீழே மூன்று வரிசையாக மெய். நீங்கள் விரலை நகர்த்துவீர்கள், வேண்டிய இடத்தில் அவர் இமையைச் சிமிட்டுவார். அன்று முதலில் எ. பிறகு ங். பிறகு க். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டீர்கள். இமை அசையவில்லை. மறுபடி விரலை நகர்த்தினீர்கள். இ. ர். உ. நடுவில் எச்சில் வழிய, துடைத்துவிட்டுத் தொடர்ந்தீர்கள். 'எங்கிருந்து' என்று முடிய எவ்வளவு நேரமானது! வந்த ஆள் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார்.

எதிலிருந்து அந்தச் செல்லை எடுக்கிறார்கள் என்று அண்ணன் கேட்கிறார் என்பது முதலில் எனக்குத்தான் புரிந்தது. நான் அதை அந்த ஆளிடம் கேட்டேன். "டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சையில் மீந்துபோகும் கருக்கள் சார், எப்படியும் வீணாகப் போகிறவைதான்" என்றார் சாதாரணமாக.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அன்று அட்டையைப் பார்க்கவே இல்லை.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது நம் வீட்டில் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரிகூட இங்கே எழுதமாட்டேன். பாப்பாவும் இதைப் படிப்பாள்.

"அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடினார். அந்தக் களைப்பை நீ ஞானோபதேசமாக்கிவிட்டாய்" என்று பிற்பாடு சமையலறையில் சொன்னீர்கள். இருக்கலாம் அண்ணி. மூடிய கண்ணை வைத்து என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் களைத்த மனிதர் அந்தக் கேள்வியை எழுத்தெழுத்தாகக் கேட்டிருக்கமாட்டார். குணமாகுமா என்று கேட்கவில்லை. எவ்வளவு செலவு என்று கேட்கவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டார். அவர் பெயரில் சேர்ந்த பணத்தை அனுப்பும்போது அதே கேள்வியை நாம் கேட்காமல் அனுப்பலாமா?

எனக்குச் சட்டம்தான் பெரிது என்று நினைக்கிறீர்கள். கருவும் மனித உயிர்தான், அதை அழிக்கக் கூடாது என்று திருச்சபை சொல்வதை நீங்கள் பாடகர் குழுவில் நிற்கிற காலத்திலிருந்து அறிவீர்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உலவுவதால் எழுதவேண்டியிருக்கிறது. அந்த அமைப்புக்குக் கொடுப்பவர் பாவி என்று நான் எங்கும் சொல்லவில்லை. தீமையை விரும்பி அதற்குக் கைகொடுப்பது ஒன்று. வேறொரு நன்மைக்காகச் செய்தது, நாம் விரும்பாமலே தொலைவில் நடக்கும் தீமைக்குச் சிறிது உதவிவிடுவது வேறொன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அறநெறி கற்பித்த புனித அல்போன்ஸ் லிகோரி காலத்திலிருந்தே இந்த வேறுபாட்டை நம் குருக்கள் கற்றுவருகிறார்கள். இரண்டாவது வகையில், போதுமான காரணம் இருக்கிறதா, வேறு வழி இல்லையா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு இடறுவது அந்த 'வேறு வழி'தான். வழி இருக்கிறதே!

2014இல் ஏஎல்எஸ் நோய்க்கு நிதி திரட்டிய 'ஐஸ் பக்கெட்' சவாலுக்காக அலுவலக மொட்டை மாடியில் அண்ணன் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்ட வீடியோவை நினைவுக் கூட்டத்தில் போட்டுக்காட்டினீர்கள். எந்த நோய்க்காக ஊற்றினாரோ அதே நோய் பின்னாளில் அவருக்கே வந்ததைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். "அவரே அன்று பணம் அனுப்பினார், உனக்கென்ன?" என்றும் கேட்டீர்கள். அந்தக் கோடையில் அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு ஏறத்தாழ 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் வீண்போனது என்று நான் சொல்லவில்லை. அதன் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில்தான் 2016இல் இந்த நோயோடு தொடர்புள்ள என்இகே1 என்ற மரபணு தெரியவந்தது. ஆனால் அதே 2014இல் அமெரிக்காவின் சின்சினாட்டி கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் தன் பள்ளிகளிடம், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளட்டும், பணத்தை மட்டும் அங்கே அனுப்பாதீர்கள் என்றது. அந்தச் சங்கத்தின் நிதி பெற்ற ஓர் ஆய்வில் கருவிலிருந்து எடுத்த செல்கள் பயன்பட்டன என்பதே காரணம். அயோவா சிட்டியிலுள்ள இரண்டாம் யோவான் பவுல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுங்கள் என்று மாற்றும் சொன்னது. கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை, அண்ணி. அண்ணனுக்கு அன்று இதெல்லாம் தெரியாது. தெரிந்த பிறகு அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கோவிஷீல்டைச் சொல்லி என்னை மடக்கினீர்கள். நியாயமான கேள்வி, பல இரவு என்னைத் தூங்கவிடாத கேள்வி. அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கப் பயன்பட்டது 1970களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கரு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் செல் வரிசை. அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் நாம் மூவரும் அதைத்தான் போட்டுக்கொண்டோம். கோவாக்சினுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று அந்த மையத்தில் எது இருந்ததோ அதைத்தான் போட்டார்கள். நோயும் வாசலில் நின்றது. வேறு வழி இல்லாதபோது, பெரிய ஆபத்து இருக்கும்போது, அப்படிப்பட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரில் வத்திக்கானே சொன்னது. எப்போதோ நடந்துவிட்ட தவற்றின் பயனை நெருக்கடியில் ஏற்பது வேறு. இனி நடக்கப்போவதற்கு முன்பணம் கொடுப்பது வேறு. உங்களுக்கு இது முடியைப் பிளப்பதாகத் தோன்றுகிறது. எனக்கு இதுதான் விஷயமே.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கழுத்தில் துளையிட்டு வெண்டிலேட்டரில் போடுவதா என்று டாக்டர் கேட்டாரே, அந்த நாளில் இதே திருச்சபை உங்களுக்குக் கசக்கவில்லை. அளவுக்கு மீறிய சிகிச்சையை ஏற்க நோயாளிக்குக் கடமை இல்லை என்று 1957இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடம் சொல்லியிருப்பதைப் பங்குத்தந்தை எடுத்துச்சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினீர்கள். "இதைக் கேட்காமல் இருந்திருந்தால் ஆயுள் முழுக்கக் குற்ற உணர்ச்சியில் செத்திருப்பேன்" என்றீர்கள். அன்று ஆறுதலாக இருந்த அதே குரல், மறு ஆண்டு இரக்கமில்லாததாகிவிட்டதா? உங்களுக்கு வேண்டியபோது தாய், வேண்டாதபோது வக்கீலா? கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை அழிக்கப்போவதில்லை.

மீந்த கருக்களை என்னதான் செய்வது என்று கேட்டீர்கள். என்னிடம் விடை இல்லை. 2008இல் வந்த வத்திக்கானின் 'மனிதனின் மாண்பு' ஆவணமே உறைந்து கிடக்கும் கருக்களின் நிலையைத் தீர்க்க முடியாத அநீதி என்றுதான் ஒப்புக்கொள்கிறது. அந்த ஆவணத்தின் கீழே போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். சிவாஜிநகரில் நமக்குத் தேர் ஓடும் நாள். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் நடுவில் போனவரல்லவா நம் அண்ணன்! அதைப் படித்த இரவில் உங்களுக்கு போன் செய்ய நினைத்து, எண்ணை எடுத்து, வைத்துவிட்டேன். நீங்கள் அழுவீர்கள் என்று பயந்தேன். நான் அழுவேன் என்றும்தான்.

அந்த வெளிநாட்டு அமைப்புக்கு நானே எழுதிக் கேட்டேன். குறிப்பிட்டுச் சொன்னால் நம் பணத்தை அந்த வகை ஆய்வுக்குத் தொடமாட்டோம் என்கிறார்கள். அது போதும் என்று சொல்லும் குருக்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அண்ணன் பெயரில் பலகை வைத்து, பங்கில் அறிவித்து அனுப்பும்போது பார்ப்பவர்களுக்கு அந்த நிபந்தனை தெரியாது. நம் பூசைக்கு வருகிற இளம் தம்பதிகளில் யார் யார் குழந்தைக்காக எந்த மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கிறார்களோ! அவர்களுக்கு நாம் துர்மாதிரிகை ஆகக் கூடாது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பவனல்ல நான். இந்த நோய்க்குத் தரும் ரிலுசோல் மாத்திரை தந்தது சில மாதங்கள் மட்டும் என்பதை நாமே பார்த்தோம். நோயாளியின் சொந்தத் தோல் செல்லையே திருப்பி ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும், அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் இந்த நோயை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பணத்தை அப்படிப்பட்ட ஆய்வுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். எங்கே கொடுப்பது என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்; நீங்கள் இல்லாமல் நான் அனுப்பமாட்டேன்.

மீதிப் பாதிக்குத்தான் இந்தச் செக். ஏழைகளுக்கு உதவும் நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு. மூச்சுவிட உதவும் பைபாப் மெஷின்களும், சக்ஷன் மெஷின்களும், அவற்றோடு இன்வெர்ட்டர் பேட்டரிகளும் வாங்கி, மூச்சுத் திணறும் நோயாளிகளின் வீட்டுக்கு வாடகையில்லாமல் கொடுக்க. எந்த மதம், எந்த மொழி என்று கேட்காமல். அந்த மெஷின்களுக்கு மாத வாடகை கட்ட நீங்கள் வளையலை அடகு வைத்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ரசீதை அண்ணனின் மருந்து ஃபைலில் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணி. கேட்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. கேட்கும் நிலையில் உங்களை நான் வைத்திருக்கவில்லை என்பதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தப் பணத்தை அந்த அமைப்புக்கு அனுப்பினால் நான் தடுக்கமாட்டேன். உங்கள் மனசாட்சியை நான் ஆளமுடியாது. அண்ணன் பெயரை மட்டும் போடாதீர்கள்.

செக்கில் உங்கள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. விருப்பமில்லை என்றால் போடவேண்டாம். திருப்பி அனுப்புங்கள், நான் கோபிக்கமாட்டேன். ஆனால் அதற்கான காரணத்தை என்னிடம் சொல்லுங்கள், மைக்கில் அல்ல. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கல்பள்ளிக் கல்லறைக்கு வருகிறேன். அம்மாவும் வருவார்கள். பாப்பாவை அழைத்து வாருங்கள்.

உங்கள் தம்பி