மானிட்டரையாவது விட்டுவைத்திருக்கலாம்

மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு எந்தக் கணினி என்று முடிவுசெய்கிற மனிதவளத் துறையினருக்கும், அட்மின் பிரிவினருக்கும், ஐ.டி. சப்போர்ட் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

லால்குடியில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மெடிக்கல் கோடர் நான். நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடை (code), போடுவதுதான் எங்கள் வேலை. இந்தத் தொழிலில் பதினோரு வருஷம் ஆகிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். திருச்சியிலும் சென்னையிலும் வேறு வேறு நிறுவனங்களில் இருக்கும் என் தோழிகள் மூன்று பேருக்கும் ஏறக்குறைய இதே மெயில் வந்திருக்கிறது. அதனால் என் மேலதிகாரிக்கு எழுத வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மெயிலின் சாரம் இவ்வளவுதான். டெஸ்க்டாப்பை அதன் எல்லா உதிரிகளோடும் திருப்பி அனுப்ப வேண்டும், பதிலுக்கு ஒரு லேப்டாப் கூரியரில் வரும், எடுத்துப் போக வசதியாக இருக்கும். கடைசி வரியைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். எங்கே எடுத்துப் போக?

டெஸ்க்டாப் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு தொடங்கி பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கண்ணாடியில் பாஸ் ஒட்டிய குட்டியானை ஒன்று தெருவுக்குள் நுழைந்ததும், காய்கறி வண்டி என்று நினைத்து நாலு வீட்டிலிருந்து பையோடு வந்துவிட்டார்கள். இறங்கியதோ சிபியு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஒரு சின்ன யுபிஎஸ். மாமனார் தையல் மெஷினை ஓரம்கட்டி அந்த மேசையைத் துடைத்துக் கொடுத்தார். "ஒரு மாசந்தானேம்மா, அப்புறம் மெஷினை எடுத்து வச்சுக்கலாம்" என்றார். மெஷின் இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதே வருஷம் நவம்பர் 5-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளைத் தளர்த்தி, எங்களைப் போல டேட்டா வேலை மட்டும் செய்யும் நிறுவனங்களை அந்த விதிகளின் வளையத்திலிருந்தே விடுவித்தது. இது ஒரு மாசக் கதை இல்லை என்பது அப்போதே உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டெஸ்க்டாப்பைத் திருப்பி வாங்குவதற்கு நீங்கள் சொன்ன காரணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். என் சிபியுவில் இருந்தது ஏழாம் தலைமுறை. செக்யூரிட்டி அப்டேட் வராத மெஷினில் அமெரிக்க நோயாளிகளின் மருத்துவ விவரத்தைத் திறந்து வைக்க முடியாதுதான். சரி, சிபியுவை எடுத்துப் போங்கள். மானிட்டர் என்ன பாவம் செய்தது? அதற்கு விண்டோஸ் 10-ம் தெரியாது, 11-ம் தெரியாது. 22 இன்ச், ஒரு புள்ளிகூடச் சாகாத திரை. அதையும் சேர்த்து பபிள் ஷீட்டில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்க்காதவர்கள்தான் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இடது பக்கம் டாக்டர் எழுதிய சார்ட். வலது பக்கம் கோடு தேடும் மென்பொருள். கீழே ஒரு மூலையில் கிளையன்ட்டின் விதிமுறை பிடிஎஃப். கண் சார்ட்டைப் படிக்கும், கை கோடைத் தட்டும், சந்தேகம் வந்தால் பிடிஎஃப் பக்கம் ஒரு பார்வை. 22 இன்ச்சில் மூன்றும் ஒருசேரத் தெரியும். வந்திருக்கும் 14 இன்ச் லேப்டாப்பில் ஒன்றுதான் படிக்கிற அளவில் தெரிகிறது. மற்றதற்குத் திரையை மாற்றும் ஆல்ட், டேப் கீகள்தான். ஒரு சார்ட்டுக்கு இருபது தடவையாவது ஆல்ட், டேப்.

விளைவு இரண்டாவது வாரமே தெரிந்தது. ஒரு நோயாளிக்கு இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். அதற்குரிய கோடு எம்17.12. வலது முழங்கால் என்றால் எம்17.11. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1-ம் தேதி ஐசிடி-10 என்கிற நோய்க் கோடு பட்டியல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இடது வலது பார்த்துப் போடுவது எங்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. சார்ட்டில் 'இடது' என்று படித்தேன். திரையை மாற்றினேன். அதற்குள் என்ன நடந்ததோ, எம்17.11 என்று போட்டிருக்கிறேன். கடைசி இலக்கம் ஒன்று. நாங்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் பிடிபட்டது. அந்த வாரம் இப்படி மூன்று. 95 சதவீதத்துக்குக் கீழே குவாலிட்டி இறங்கியதும் ஃபீட்பேக் கால் வந்தது. "கவனம் சிதறுதா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்கள். வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை, மேசையில் எட்டு இன்ச் குறைகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அடுத்தது கழுத்து. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்று தூக்கி வைத்தால், தோளைத் தூக்கிக்கொண்டு டைப் அடிக்க வேண்டும். கைக்குத் தோதாக இறக்கி வைத்தால் ஒன்பது மணி நேரமும் தலை குனிந்தே கிடக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அரை மணி நேரம் மெயில் பார்க்கிற மேனேஜருக்கு இது தெரியாது. நாள் முழுக்க நகராமல் உட்கார்கிறவளுக்கு மூன்றாம் வாரமே தெரிந்துவிடும். தொழில் புத்தி சும்மா இருக்குமா, எனக்கு நானே கோடு போட்டுப் பார்த்தேன். கழுத்து வலி, எம்54.2. அப்போது செய்துகொண்டிருந்த காரியம் கீபோர்டில் தட்டுவது, ஒய்93.சி1. ஆமாம், அதற்கும் தனியாக ஒரு கோடு இருக்கிறது. சம்பளத்துக்காகச் செய்த வேலை, ஒய்99.0. இந்த ஒரு சார்ட்டில் ஆடிட்டர் குறை கண்டுபிடிக்க முடியாது.

லேப்டாப்பே கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. டெஸ்க்டாப்போடு நான் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பக்கம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9.45 முதல் மாலை 4 மணி வரை கரண்ட் இருக்காது. நீங்கள் கொடுத்த சின்ன யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால் அதிசயம். ஃபைலை மூடி லாக் அவுட் செய்யத்தான் அது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அதில் நேரடியாக மாட்டினால், கரண்ட் போகும்போது ஃபேன் லேசாகத் தயங்கிவிட்டுச் சுற்றும், சிபியு மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் இதைத் தலையெழுத்து என்று பொறுத்துக்கொண்டேன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்த பையன் இன்வெர்ட்டரின் பின்னால் கையை விட்டு ஒரு ஸ்விட்சைத் தள்ளினான். "அக்கா, இவ்ளோ நாளும் நார்மல் மோடுலயே ஓட்டியிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் மோடுல வைக்கணும்." அதில் வைத்தால் மாறுகிற இடைவெளி கணினிக்கு உறைக்காத அளவு குறைந்துவிடுமாம். அன்றிலிருந்து ரீஸ்டார்ட் இல்லை. ஐ.டி. சப்போர்ட்டில் நான் போட்ட ஏழெட்டு டிக்கெட்டுக்குக் கிடைக்காத பதில் அந்தப் பையனிடம் இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான உங்கள் கையேட்டில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஊர்ப்பக்கம் இருக்கிற பலர் உங்களை வாழ்த்துவார்கள்.

லேப்டாப்பில் இந்த வம்பே இல்லை, அதுவே பேட்டரியில் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். ஆனால் தெருமுனை கேபிள்காரரின் பெட்டிக்கும் கரண்ட் இல்லையென்றால் நெட் போய்விடும். அப்போது லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் ஒன்றுதான், மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி. கரண்ட் பில்லிலும் லேப்டாப்தான் சிக்கனம். என் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் என்று வைத்தால், ஒன்பது மணி நேர வேலைக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். லேப்டாப்புக்கு அதில் பாதிகூட வராது. வெயில் காலத்தில் ஏசியும் ஓடி 500 யூனிட்டைத் தாண்டுமா தாண்டாதா என்று கணக்குப் பார்க்கும் வீட்டில் இந்த இருபது யூனிட் சாதாரணமில்லை. தாண்டினால் மலிவான கட்டண அடுக்கு கைவிட்டுப் போய்விடும்.

ரிப்பேர் என்று வந்தால் டெஸ்க்டாப் பக்கம்தான் நான். மானிட்டர் கறுப்பாகவே இருந்தால், சிபியுவைத் திறந்து ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி நேரம் உயிர் வந்துவிடும். சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போனால் லால்குடியிலேயே மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்புக்கு என்ன ஆனாலும் கூரியர்தான், வந்து சேரும்வரை லீவுதான். இன்னொன்று, பகல் பூராவும் சார்ஜரில் மாட்டியே கிடக்கிற லேப்டாப்பின் பேட்டரி வெக்கையில் உப்பும். தோழி ஒருத்திக்கு டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏதோ ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்று நினைத்து அதை அமுக்கி அமுக்கி ஒரு மாதம் வேலை பார்த்திருக்கிறாள். கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் செட்டிங் பல லேப்டாப்களில் இருக்கிறது, ஆனால் அதைத் தொட எங்களுக்கு அட்மின் உரிமை இல்லை. நீங்கள் அங்கிருந்தே போட்டு அனுப்பலாம்.

இதெல்லாம் சாமான் விஷயம். மனசில் உறுத்துவது வேறு.

டெஸ்க்டாப் இருந்தவரை ஐந்து மணிக்கு அணைத்தால் வேலை முடிந்தது. மேசை மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திவிடுவேன். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனால் போனதுதான், யாரும் சிபியுவைத் தலையில் சுமந்துகொண்டு பஸ் ஏறச் சொல்லமாட்டார்கள். லேப்டாப் வந்த இரண்டாம் மாதம் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். லீவு சொல்ல போன் செய்தேன். "லேப்டாப் இருக்குல்லம்மா, அங்கேயே ரெண்டு மணி நேரம் லாகின் பண்ண முடியுமா? பெண்டிங் நிறைய இருக்கு" என்றார் டீம் லீட். அவரும் பாவம், அவருக்கு மேலே ஒருவர் நெருக்கியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். நோயாளியின் விவரம் வெளியாள் கண்ணில் படக்கூடாது, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், மேசையில் பேப்பர் பேனாகூட இருக்கக்கூடாது என்று வருஷா வருஷம் ஹிப்பா என்கிற அமெரிக்க மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான பயிற்சியில் எங்களிடம் உறுதிமொழி வாங்குகிறவர்களும் நீங்கள்தான். அந்த உறுதிமொழியைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒரு அமெரிக்கரின் அறுவை சிகிச்சைக் குறிப்பை நான் எப்படித் திறப்பேன்? வீட்டில் ஒரே இடத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை என்று விதி. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம் என்று கருவி. இரண்டில் எது என்று நீங்களே முடிவுசெய்து சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறவர், அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் இன்வெர்ட்டர் இல்லாதவர், வாடகை வீட்டில் மேசை போட இடமில்லாதவர் லேப்டாப் வாங்கிக்கொள்ளட்டும். என்னைப் போல ஒரே மூலையில் வருஷக்கணக்காக உட்காருகிறவருக்கு டெஸ்க்டாப் கொடுங்கள். பெரிய சிபியு வேண்டாம் என்றால் உள்ளங்கை அளவில் மினி பிசி வருகிறது. மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம், லேப்டாப் போலவே அடாப்டரில் ஓடும், கரண்டும் அதிகம் இழுக்காது. எல்லோருக்கும் லேப்டாப்தான் என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது என்றால், அதோடு ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். பழைய மானிட்டரில் விஜிஏ என்கிற பழைய இணைப்பு மட்டும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மாற்றுகிற கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்தான். எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு ஒரு ஃபார்ம் அனுப்பியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இப்போதைக்கு என் ஏற்பாடு இதுதான். சர்டிஃபிகேஷன் பரீட்சைக்கு வாங்கிய பழைய கோடு புத்தகங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் தலையணை கனம், இனி எதற்கும் உதவாது என்று கட்டிப் போட்டிருந்தவை. அவற்றை அடுக்கி அதன் மேல் லேப்டாப். திரை கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. முன்னால் என் காசில் வாங்கிய கீபோர்டு. அதைச் சொருகிய மறுநாள், அனுமதியில்லாத சாதனம் இணைக்கப்பட்டிருக்கிறது என்று உங்களிடமிருந்து எச்சரிக்கை மெயில் வந்தது. அனுமதி கேட்டு டிக்கெட் போட்டேன். மூன்று வாரமாக 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது.

என் மானிட்டரின் பின்பக்கம், அஸெட் நம்பர் ஸ்டிக்கருக்குக் கீழே, மகள் ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம் ஒன்று இருக்கும். திருச்சி அலுவலகக் கிடங்கில்தான் எங்கேயாவது கிடக்கிறது என்று கூரியர் தம்பி சொன்னார். கேட் பாஸ் மட்டும் போட்டு வையுங்கள். ஒரு சனிக்கிழமை நானே வந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
லால்குடியிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்